செய்யாதவரை வந்தடையும் பயன்: பசுவின் வயிறும் பொறுப்பு என்னும் கேள்வியும்

இந்தியத் தத்துவ மரபுகள் பலவற்றில் தம்முள் முரண்பட்டிருந்தபோதிலும், எதிர்த்தரப்பின் கொள்கையை மறுக்கும்போது அவை பொதுவாகக் கையாண்ட அளவுகோல் ஒன்று உண்டு. செய்த செயலின் பயன் செய்தவரைச் சேராமல் அழிந்துபோகும் என்று ஒரு கொள்கை ஒப்புக்கொள்ள நேர்ந்தால், அது கிருதநாசம் என்னும் குற்றத்துக்கு ஆளாகும். செய்யாத செயலின் பயன் ஒருவரை வந்தடையும் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தால், அது அகிருதாப்யாகமம் என்னும் குற்றத்துக்கு ஆளாகும். உயிர் நிலையானது என்று வாதிட்ட நியாய நூலார், யாவும் கணந்தோறும் தோன்றி அழிகின்றன என்ற பௌத்தர்மீது இவ்விரு குற்றங்களையும் சுமத்தினர். நிலையான உயிர் இல்லாவிடினும் காரண காரியத் தொடர்ச்சியாகிய சந்தானம் உண்டு என்றும், வினை எந்தத் தொடரில் விதைக்கப்பட்டதோ அந்தத் தொடரிலேயே பயனும் விளையும் என்றும் பௌத்தர் விடையிறுத்தனர். உயிர் உண்டா இல்லையா என்பதில் இரு தரப்பும் நேர் எதிராக நின்றாலும், பயன் தன் மூலத்துக்கே திரும்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பை எவரும் கைவிடவில்லை.

இந்த எதிர்பார்ப்பைக் கடுமையாகச் சோதிக்கும் நிகழ்வு ஒன்றை இன்றைய நுண்ணுயிரியல் காட்டுகிறது. அது நிகழும் இடங்களுள் ஒன்று மாடு, எருமை, ஆடு முதலிய அசைபோடும் விலங்குகளின் வயிறு. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு மடியாமல் பிழைத்திருக்கும் ஆற்றலை எதிர்ப்புத்திறன் என்பர். அந்த ஆற்றலைத் தரும் மரபணுக்களைப் பாக்டீரியாக்கள் தம் வழித்தோன்றல்களுக்கு மட்டுமன்றி, தம்மோடு நெருங்கிய உறவில்லாத வேறு இனப் பாக்டீரியாக்களுக்கும் கொடுக்கின்றன. இதனால், ஒரு மாட்டுக்குக் கொடுக்கப்பட்ட மருந்தின் விளைவு அந்த மாட்டையோ அதன் உரிமையாளரையோ தொடாமல், எங்கோ ஒரு மருத்துவமனையில் படுத்திருக்கும் முன்பின் அறியாத நோயாளியைச் சென்று சேரக்கூடும். பாக்டீரியாவுக்கு அறமும் இல்லை, வினையும் இல்லை. எனவே இங்கு எழும் கேள்வி மனிதரைப் பற்றியது. செயலின் பயன் செய்தவரைத் தேடி வராமல் அயலாரிடையே பரவிச் செல்லுமானால், பொறுப்பு என்பதற்கு எஞ்சும் பொருள் என்ன என்பதே அந்தக் கேள்வி.

அசைபோடும் விலங்கின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் மிகப் பெரியதும் கால்நடை மருத்துவத்தில் ரூமென் எனப்படுவதுமான முதல் அறை, வளர்ந்த பசுவில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். புல்லிலும் வைக்கோலிலும் உள்ள செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளைச் சிதைக்கும் நொதிகள் பசுவின் உடலில் சுரப்பதில்லை. அவ்வேலையை ரூமெனில் வாழும் நுண்ணுயிர்களே செய்கின்றன. ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாததும், வெப்பம் 39 டிகிரி செல்சியஸ் அளவில் பெரிதும் மாறாததும், தீனி ஓயாமல் வந்து சேர்வதுமான அந்த அறையில், ஒவ்வொரு மில்லிலிட்டர் திரவத்திலும் ஆயிரம் கோடி அளவில் பாக்டீரியாக்களும், அவற்றை விழுங்கி வாழும் புரோட்டோசோவா என்னும் ஒருசெல் உயிர்களும், பூஞ்சைகளும், மீத்தேன் வாயுவை உண்டாக்கும் ஆர்க்கியாக்களும் நெருங்கி வாழ்கின்றன. ஆக்சிஜன் பட்டால் மடியும் இவ்வுயிர்களை ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை வகுத்த அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ராபர்ட் ஹங்கேட், 1966இல் வெளியிட்ட நூலின் வழியாக இத்துறைக்கு அடித்தளம் இட்டார். பசு புல்லைத் தின்கிறது என்பது வெளித்தோற்றம். நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கச் செய்து வெளியிடும் அமிலங்களும், பின்னர் அடுத்த அறைகளில் செரிக்கப்படும் அந்நுண்ணுயிர்களின் உடல்களுமே அதன் உணவில் பெரும்பங்கு.

இவ்வளவு நெருக்கமாக வாழும் பாக்டீரியாக்களிடையே மரபணுக்கள் மூன்று வழிகளில் கைமாறுகின்றன. மடிந்த செல்லிலிருந்து வெளிப்பட்ட டிஎன்ஏவை உயிருள்ள செல் உள்ளிழுத்துக்கொள்வது முதல் வழி. 1928இல் இங்கிலாந்தின் பிரெடெரிக் கிரிஃபித் நிமோனியா பாக்டீரியாவில் இதன் விளைவைக் கண்டார், அதற்குக் காரணமான பொருள் டிஎன்ஏவே என்று 1944இல் ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடைய இரு துணைவர்களும் நிறுவினர். இரு செல்கள் ஒன்றையொன்று தொட்டு இணைந்து, ஒன்றின் மரபணு மற்றொன்றுக்குச் செல்வது இரண்டாம் வழி; இதை 1946இல் ஜோஷுவா லெடர்பெர்கும் எட்வர்ட் டாட்டமும் கண்டறிந்தனர். பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ் ஒரு செல்லின் மரபணுத் துண்டைத் தன்னோடு எடுத்துச் சென்று மற்றொரு செல்லில் செலுத்துவது மூன்றாம் வழி. இது 1952இல் வெளியாயிற்று. எதிர்ப்புத்திறன் பரவுவதில் முதன்மையானது இரண்டாம் வழி. குரோமோசோமுக்கு வெளியே தனித்து நிற்கும் பிளாஸ்மிட் என்னும் டிஎன்ஏ வளையங்களும், ஓரிடத்திலிருந்து பெயர்ந்து வேறிடத்தில் பொருந்திக்கொள்ளும் டிரான்ஸ்போசான் என்னும் மரபணுத் தொகுதிகளும் அவ்வழியில் பயணம் செய்கின்றன. ஒரே பிளாஸ்மிட் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்துச் சுமக்கவும் கூடும்.

இவ்வழிகள் பசுவின் வயிற்றிலும் திறந்தே இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலுள்ள ரோவெட் ஆய்வு நிறுவனத்தினர், ரூமெனில் நாரைச் சிதைக்கும் பியூட்டிரிவிப்ரியோ என்னும் பாக்டீரியாவில், டெட்ராசைக்ளின் மருந்தை எதிர்க்கும் புதிய மரபணு ஒன்றைக் கண்டு 1999இல் அறிவித்தனர். அதே மரபணு, ஏறத்தாழ மாற்றமில்லாத வடிவில், உறவில் வெகுதூரம் விலகிய பிற பாக்டீரியாக்களிலும், மனிதக் குடலில் நன்மை செய்வதாகக் கருதப்படும் பைஃபிடோபாக்டீரியத்திலும் காணப்பட்டது. இனங்கள் பிரிந்து நெடுங்காலம் ஆகியும் ஒரு மரபணு மட்டும் மாறாமல் இருக்கிறது என்றால், அது முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்ததாக இராமல், அண்மைக் காலத்தில் பக்கவாட்டில் கைமாறியதாகவே இருக்க வேண்டும். ரூமெனின் புரோட்டோசோவா விழுங்கிய பாக்டீரியாக்கள் அதன் உடலுக்குள்ளேயே மரபணுக்களைப் பரிமாறிக்கொள்வதையும், கிளெப்சியெல்லாவிடமிருந்து சால்மொனெல்லாவுக்கு எதிர்ப்பு மரபணு அவ்வாறு செல்வதையும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர்.

எதிர்ப்பு மரபணுக்களை மனிதர் படைத்தனர் என்று இதிலிருந்து முடிவுசெய்வது தவறாகும். ஆன்டிபயாடிக்குகளுள் பல, மண்ணில் வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் ஆக்கும் பொருள்களே. அவற்றைத் தாங்கும் மரபணுக்களும் அவற்றைப் போலவே தொன்மையானவை. கனடாவின் யூகான் பகுதியில் முப்பதாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து பிரித்த டிஎன்ஏவில், பெனிசிலின் வகை மருந்துகளுக்கும் டெட்ராசைக்ளினுக்கும் எதிரான மரபணுக்கள் இருந்ததை 2011இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. மனிதரின் பங்கு தேர்வில் இருக்கிறது. மருந்து பட்டதும் எளிதில் மடியும் பாக்டீரியாக்கள் அகல, அவை விட்ட இடத்தில் எதிர்ப்புத்திறன் உள்ளவை பெருகுகின்றன; சில மரபணுத் தொகுதிகள், டெட்ராசைக்ளின் அருகில் இருக்கும்போது பன்மடங்கு மிகுதியாகக் கைமாறுகின்றன என்பதும் பாக்டீராய்டிஸ் இனத்தில் அறியப்பட்டுள்ளது. தத்துவத்தின் மொழியில் சொல்வதானால், மருந்து கொடுப்பவர் இதற்கு முதற்காரணம் ஆகார். முன்பே இருந்த காரணம் காரியப்படுவதற்குத் துணைநிற்பவர் ஆவார். துணைக்காரணமாக நிற்பவருக்கு விளைவில் எவ்வளவு பங்கு உண்டு என்பதுதான் இங்குள்ள சிக்கலின் முதல் முடிச்சு.

1983இல் அமெரிக்காவில் நடந்த ஒரு நோய்ப்பரவல் இரண்டாம் முடிச்சைக் காட்டுகிறது. நான்கு மாநிலங்களில் 18 பேருக்குப் பல மருந்துகளை எதிர்க்கும் சால்மொனெல்லா தொற்றியது. பாக்டீரியாவின் பிளாஸ்மிட்டை அடையாளமாகக் கொண்டு தேடிய புலனாய்வாளர்கள், தெற்கு டகோட்டாவில் தீவனத்தோடு குளோர்டெட்ராசைக்ளின் ஊட்டப்பட்ட இறைச்சி மாடுகளைச் சென்றடைந்தனர். மாடுகளுக்கு அந்த மருந்து ஊட்டப்பட்டது அவை விரைந்து கொழுப்பதற்காக. நோயுற்றவர்களுள் பலர், தொண்டைவலி போன்ற வேறு காரணங்களுக்காக அந்நாள்களில் தாமே ஆன்டிபயாடிக் உட்கொண்டிருந்தனர். குடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் அம்மருந்தால் குறைந்ததும், எதிர்ப்புத்திறன் கொண்ட சால்மொனெல்லாவுக்கு இடம் கிடைத்தது. மருந்தைத் தயாரித்தவர், தீவனத்தில் கலந்தவர், அதற்கு அனுமதி தந்த அரசு, மலிவான இறைச்சியை நாடியவர், தொண்டைவலிக்கு மாத்திரை எழுதியவர், அதை விழுங்கியவர் ஆகிய அனைவரின் செயல்களும் ஒரு புள்ளியில் கூடியபோதுதான் நோய் விளைந்தது. இவர்களுள் எவரைக் கர்த்தா, அதாவது செய்தவர், என்று சுட்டுவது? தனித்து நிற்கையில் ஒவ்வொரு செயலும் சிறியது, பெரும்பாலும் குற்றமற்றது. கூடி நிற்கையில் விளைவு உயிரைப் பறிக்கும் அளவுக்குப் பெரியது.

இதற்கு மரபுகள் தரும் விடைகளுள் பௌத்தத்தின் விடை எண்ணத்தை முன்னிறுத்துகிறது. சேதனை எனப்படும் உளக்குறிப்பே வினை என்பது புத்தரின் போதனை. உடலின் செயலே கனமானது என்ற நிகண்டர்களோடு, அதாவது சமணர்களோடு, அவர் நிகழ்த்திய வாதத்தை மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரம் விரிக்கிறது. நோயுற்ற மாட்டைக் காப்பாற்ற மருந்து கொடுப்பவரின் எண்ணம் கருணையே. எண்ணத்தை மட்டும் அளந்தால் அவர்மீது பழி இல்லை. மேலும், மனிதர் படும் துன்பம் யாவும் முன்வினையின் பயன் என்ற கருத்தைப் புத்தர் மறுத்ததைச் சம்யுத்த நிகாயத்தின் சூத்திரம் ஒன்று பதிவுசெய்கிறது: பித்தம், கபம், வாதம், பருவத்தின் மாறுதல் முதலியவற்றாலும் துன்பம் வரும். இதைப் பின்பற்றிய பாலி உரையாசிரியர்கள், உலகில் நிகழ்வனவற்றை ஐந்து ஒழுங்குகளாக வகுத்து, வினையின் ஒழுங்கைக் கம்ம நியமம் என்றும் விதையின் ஒழுங்கைப் பீஜ நியமம் என்றும் வேறுபடுத்தினர். இந்தப் பாகுபாடு இன்றும் மிகுந்த பயனுடையது. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைக்கு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்று வரும்போது, அது அக்குழந்தையின் முன்வினை என்று சொல்வது, பீஜ நியமத்தில் நிகழ்ந்ததைக் கம்ம நியமத்தின் கணக்கில் எழுதுவதாகும். துன்புறுபவரையே துன்பத்துக்குக் காரணமாக்குவதாகவும் அது முடியும்.

எண்ணத்தை மட்டும் கொண்டு அளக்கும் வழியின் குறை, எவரும் தீமை எண்ணாத இடத்தில் விளையும் தீமையைப் பற்றி அது மிகக் குறைவாகவே பேச முடிகிறது என்பது. அந்தக் குறையை நிரப்ப உதவுவது சமணத்தின் நுண்மை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், கவனமற்ற செயலால் உயிருக்கு ஊறு செய்வதை இம்சை என்று வரையறுக்கிறது; இங்கு அளவுகோல் தீய எண்ணம் மட்டுமாக இல்லாமல், பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையையும் உள்ளடக்குகிறது. கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற உயிர்கள் ஓருடலில் கூடி, ஒன்றாக உண்டு ஒன்றாக மூச்சுவிடுகின்றன என்னும் நிகோதக் கோட்பாடும் சமணத்துக்கு உரியது. பாக்டீரியாவைச் சமணர் முன்பே கண்டறிந்துவிட்டனர் என்று இதைக் கொண்டாடுவது அறிவியலுக்கும் நீதியாகாது, சமணத்துக்கும் நீதியாகாது. நிகோதம் பிறவிச் சுழற்சியைப் பற்றிய கோட்பாடு, நுண்ணோக்கியின் கண்டுபிடிப்போடு அதற்குத் தொடர்பில்லை. அதிலிருந்து பெறத்தக்கது ஓர் ஒழுக்க நிலைப்பாடு: காண முடியாத உயிருலகில் தன் கை என்ன செய்கிறது என்று அறியாதிருப்பது, அறிந்துகொள்ள வழியிருக்கும்போது, மன்னிப்புக்குரிய காரணம் ஆகாது. 1950களில் தீவனத்தில் மருந்து கலந்தவர் விளைவை அறியாதிருக்கலாம். இன்று கலப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. அறிவு பெருகப் பெருக விழிப்பின் கடமையும் பெருகுகிறது.

சைவ சித்தாந்தம் வேறொரு திசையிலிருந்து இச்சிக்கலைத் தொடுகிறது. வினை சடப்பொருள், தன்னைச் செய்தவர் யார் என்று அறிந்து அவரைச் சென்று சேரும் அறிவு அதற்கு இல்லை. ஆகவே பயனை உரியவரிடம் கூட்டுவிக்க அறிவுடைய இறைவன் வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் வாதிடுகிறார். இறைவன் உண்டென்பதை நிறுவுவதற்காக எழுந்த இவ்வாதத்தில், நம்பிக்கையில்லாதவரும் ஏற்றுக்கொள்ள வேண்டிய கூர்மையான உண்மை ஒன்று பொதிந்திருக்கிறது: விளைவுகளுக்குத் தம் மூலத்தை அறியும் கண் இல்லை. பிளாஸ்மிட் எந்த மாட்டிலிருந்து வந்தது என்பதை அறியாது; எந்த நோயாளியிடம் சேர வேண்டும் என்பதையும் அறியாது. சித்தாந்தியின் உலகில் அந்தக் கணக்கை இறுதியில் நேர்செய்பவன் இறைவன். ஆனால் இறைவன் பிறவிகளின் ஊடே கணக்கை நேர்செய்வான் என்ற நம்பிக்கை, இப்பிறவியில் மனிதர் தமக்குள் வகுத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாட்டுக்கு ஈடாக முடியாது.

இம்மூன்று விடைகளையும் சேர்த்து நோக்கும்போது, பொறுப்பு என்று சொல்லப்படுவதில் இரு வேறு கருத்துகள் பின்னிக் கிடப்பது தெளிவாகிறது. நடந்ததற்கு யார் காரணர் என்று தேடி, பயனை அவரிடம் திருப்புவது ஒன்று. நடக்க இருப்பதை யார் காக்க வேண்டும் என்று வகுப்பது மற்றொன்று. வினைக் கோட்பாட்டின் மையம் முதலாவது. கர்த்தாவும் பயனும் ஒரு தொடரில் இருக்கும்வரையே அது செல்லும். இரண்டாவதும் தமிழ் மரபுக்குப் புதியதன்று. அரசன் தன் காவல் கடமையில் தவறினால் பசுக்களின் பயன்கூடக் குறைந்துபோகும் என்று திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம் எச்சரிக்கையில், ஒருவரின் தவறு அதில் தொடர்பில்லாதவரையும் தாக்கும் என்பதையும், பொதுநலத்தைக் காப்பது தனிவினைக் கணக்கில் அடங்காத கடமை என்பதையும் அது ஏற்றுக்கொண்டே பேசுகிறது. ஊர்க் கண்மாயைத் தூர்வாரிய குடிமராமத்து முறையில், படிந்த வண்டல் யாருடைய நிலத்திலிருந்து வந்தது என்று கேட்டு வேலை பங்கிடப்படவில்லை. அந்த நீரால் வாழ்பவர் அனைவரும் மண்வெட்டி எடுக்கக் கடமைப்பட்டிருந்தனர். மருந்தின் ஆற்றலும் அத்தகைய பொதுச்சொத்தே. ஒருவர் மிகையாகப் பயன்படுத்தினால் அனைவருக்கும் குறைகிறது. ஒருவர் காத்தால் அனைவருக்கும் எஞ்சுகிறது.

சட்டங்கள் மெதுவாக வந்தடைந்திருப்பதும் இந்த இரண்டாம் பொருளையே. 1960களில் பிரிட்டனில், நெருக்கமாக அடைத்து வளர்க்கப்பட்ட கன்றுகளில் பல மருந்துகளை எதிர்க்கும் சால்மொனெல்லா பரவியபோது, அந்த எதிர்ப்புத்திறன் செல்லிலிருந்து செல்லுக்குக் கைமாறத்தக்கது என்று நுண்ணுயிரியலாளர் ஈ. எஸ். ஆண்டர்சன் காட்டினார். அதன் தொடர்ச்சியாக மைக்கேல் ஸ்வான் தலைமையில் அமைந்த குழு, மனித மருத்துவத்துக்குத் தேவையான ஆன்டிபயாடிக்குகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சேர்க்கக் கூடாது என்று 1969இல் பரிந்துரைத்தது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் ஊட்டுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் முற்றிலும் நிறுத்தியது; கடைசிப் புகலிடமாகக் கருதப்படும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் பயன்படுத்துவதற்கு இந்தியா 2019இல் தடை விதித்தது. இந்தத் தடைகளுள் எதுவும், இன்ன பண்ணையின் இன்ன மாட்டிலிருந்து இன்ன நோயாளிக்கு மரபணு சென்றது என்று தனித்தனியே நிறுவும்வரை காத்திருக்கவில்லை.

இவ்வாறு சொல்வதில் ஒரு கடுமையான மறுப்புக்கு இடமுண்டு. ஒரே ஒரு கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில் அந்த மாட்டுக்கு மடிநோய் கண்டால், உலகப் பொதுநலத்தின் பெயரால் மருந்தை மறுப்பது எந்த அறம்? பசு வாயில்லாச் சீவன். அதன் வலியைக் கண்டும் கைகட்டி நிற்பது கொல்லாமையைப் போற்றும் எந்த மரபுக்கும் உடன்பாடாகாது. இம்மறுப்பு சரியானது, கடமை எங்கே விழுகிறது என்பதையும் அதுவே தெளிவாக்குகிறது. நோயைத் தீர்க்கக் கொடுப்பதும் கொழுக்க வைக்கக் கொடுப்பதும் ஒரே செயல் ஆகா. நோயைத் தீர்க்கக் கொடுக்கும்போதும், உரிய மருந்தை உரிய அளவில் உரிய நாள்கள்வரை கொடுப்பதும், மருந்து உடலிலிருந்து நீங்கும்வரை பாலை விற்காமல் ஒதுக்குவதும் விழிப்பின் பகுதிகள். அந்த விழிப்புக்கு ஆகும் செலவை ஏழை உழவர்மீது மட்டும் சுமத்துவது, பொதுச்சொத்தைக் காக்கும் பாரத்தை மிக எளியவரின் தோளில் ஏற்றுவதாகும். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்துப் பூசும் மரபு மருத்துவத்தைத் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் முறைப்படுத்தியதும், தேசிய பால்வள வாரியம் அதைப் பரப்பி வருவதும், கடமையைச் செய்யும் வழியைக் கடமைப்பட்டவரின் கைக்கு எட்டச் செய்யும் முயற்சிகளாகக் கருதத்தக்கவை.

மருந்தை நிறுத்தியவுடன் எதிர்ப்பு மரபணுக்கள் மறைந்துவிடும் என்றும் எண்ண முடியாது. சில பாக்டீரியாக்களுக்கு அவை சுமையாகி மெல்லக் குறைகின்றன. பலவற்றில் அவை நெடுங்காலம் தங்குகின்றன, சாணத்தோடு மண்ணுக்கும் நீருக்கும் செல்கின்றன. கழுவாய் செய்தால் பாவம் தீரும் என்ற கணக்கு இங்குப் பொருந்துவதில்லை. செய்ததை முற்றிலும் அழிக்க முடியாத, பயனைச் செய்தவரிடம் திருப்பவும் முடியாத நிலையில், அறம் தன் ஆதாரத்தை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது. அகிருதாப்யாகமத்தை ஒரு கொள்கையின் குற்றம் என்று பண்டை வாதிகள் கருதினர். அது உயிருலகின் நடைமுறை என்பதைப் பசுவின் வயிறு காட்டுகிறது. செய்யாதவரை வந்தடையும் பயன் உண்டு என்று ஏற்றுக்கொண்ட பிறகும் நிலைக்கும் அறமே இக்காலத்துக்குத் தேவைப்படும் அறம். தன் செயலின் தீய பயன் தன்னிடம் திரும்பி வரும் என்ற அச்சம் அதற்கு அடிப்படையாக முடியாது. அது தன்னை ஒருபோதும் அறியப்போகாத ஒருவரைச் சென்று தாக்கும் என்ற அறிவே, அளவோடு நடப்பதற்குப் போதிய காரணமாக வேண்டும்.